அந்தச் சதுரத்தின் பக்கம் எவ்வளவு?

ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் புரட்டினால் ஒரு தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 5² = 10. 7² = 14. அதே பிள்ளையிடம் ஐயைந்து எவ்வளவு என்று கேளுங்கள், தூக்கத்தில்கூட இருபத்தைந்து என்று சொல்லும். ஆனால் எண்ணின் தலைமேல் குட்டியாக ஒரு 2 வந்து உட்கார்ந்துவிட்டால் கை தானாக இரண்டால் பெருக்கிவிடுகிறது. "கவனமே இல்லை" என்று பெற்றவர்கள் கடிந்துகொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குட்டி 2 எதைச் சொல்கிறது என்று யாரும் அந்தப் பிள்ளைக்குக் கண்ணால் காட்டவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் மாலை நேரத்தில் கணக்கு நோட்டோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். ட்யூஷன் என்று சொல்ல முடியாது. காசும் கிடையாது, மணிக்கணக்கும் கிடையாது. வர்க்கம், வர்க்கமூலம் பாடம் வரும்போதெல்லாம் நான் பிடிவாதமாக ஒரே வழியில்தான் போவேன். வர்க்கம் என்றால் ஒரு சதுரம். வர்க்கமூலம் என்றால் "அந்தச் சதுரத்தின் பக்கம் எவ்வளவு?" என்ற கேள்வி. இந்த இரண்டும் கண்ணில் பதிந்த பிறகுதான் பகாக் காரணி முறையும் நீள் வகுத்தல் முறையும். முறையை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு அர்த்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த அப்புறம் வருவதே இல்லை. அதற்குள் பரீட்சை வந்துவிடும்.

நம் ஊரில் இதற்கு வாசலிலேயே பாடம் இருக்கிறது. புள்ளிக் கோலம்.

நேர்ப்புள்ளியில் வரிசைக்கு ஐந்து என்று ஐந்து வரிசை வைத்தால் 25 புள்ளி. இது எல்லோருக்கும் தெரியும். இடைப்புள்ளிக்கு வாருங்கள். நடுவில் ஐந்து புள்ளி, அதற்கு மேலும் கீழும் இடையிடையே நான்கு, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. "இதில் மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போவார்கள். 1 + 2 + 3 + 4 + 5 + 4 + 3 + 2 + 1. விடை 25. "அதே இருபத்தைந்தா?" என்று ஒரு சந்தேகம் வரும். மறுபடி எண்ணுவார்கள். அப்போது கோலத்தின் ஓரத்துக்கு வந்து, தலையைச் சாய்த்துச் சாய்வு வரிசைகளைப் பார்க்கச் சொல்வேன். சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையிலும் சரியாக ஐந்து புள்ளி, அப்படி ஐந்து வரிசை. முன்னால் பார்த்த அதே சதுரம்தான், திரும்பி நிற்கிறது. ஆறு வரை வைத்தால் 36, பத்து வரை வைத்தால் 100. ஒன்றிலிருந்து பத்து வரை ஏறி மறுபடி ஒன்று வரை இறங்கும் கூட்டலைக் கையால் கூட்டாமல் நூறு என்று சொல்ல முடிகிறதே என்று அவர்கள் முகத்தில் வரும் பெருமிதம், அதைப் பார்க்கவே நான் இந்தப் பாடத்துக்காகக் காத்திருப்பேன்.

அடுத்தது இன்னும் அழகு. நேர்ப்புள்ளியில் நடுவில் ஏழு வைத்து, இருபுறமும் இரண்டிரண்டாகக் குறைத்து ஒன்று வரை கொண்டுவருவோமே, அந்தக் கோலம். 1, 3, 5, 7, 5, 3, 1. இதையும் கூட்டுங்கள். 25! ஆனால் இந்த முறை ஐயைந்து எங்கே என்று தேடினால் கிடைக்காது. எவ்வளவு தலையைச் சாய்த்தாலும் ஒரே சதுரமாக வராது. ஒருநாள் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி கலர்ப்பொடி எடுத்து வந்து, சதுரங்கப் பலகைபோல ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி சிவப்பாக்கினாள். ஓரத்துப் புள்ளிகள் எல்லாம் சிவப்பு. எண்ணினால் சிவப்பு 16, வெள்ளை 9. சிவப்பு தனியாக ஒரு சாய்ந்த நான்குக்கு நான்கு சதுரம். அதன் இடைவெளிகளில் வெள்ளை, மூன்றுக்கு மூன்று சதுரம். இரண்டு சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. மார்கழிக் கோலப் புத்தகங்களில் "15 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை" என்று போட்டிருந்தால், அதில் மொத்தம் 64 + 49, அதாவது 113 புள்ளி என்று வைக்காமலே சொல்லிவிடலாம். கோலம் போடும் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பிவைப்பேன்.

இதே விஷயத்தைப் புளியங்கொட்டையாலும் செய்யலாம். ஒரு கொட்டை வைக்கவும். அதைச் சுற்றி அடுத்த சதுரம் ஆக்க மூன்று கொட்டை வேண்டும். அதற்கடுத்த சதுரத்துக்கு ஐந்து. அப்புறம் ஏழு. வலப்பக்கம் ஒரு வரிசை, அடியில் ஒரு வரிசை, மூலைக்கு ஒன்று. ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்கம் வரும் என்று பாடநூலில் ஒரு வரியில் போட்டிருக்கும். கொட்டையை வைத்துச் செய்த பிள்ளை அதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. பத்துப் பத்து நூறு தெரியும். பதினொன்றுக்குப் போக வலப்பக்கம் பத்து, அடியில் பத்து, மூலையில் ஒன்று, ஆக 121. முப்பதின் வர்க்கம் 900 என்று தெரிந்தால் 31-க்கு 30, 30, 1 சேர்த்து 961. பின்னோக்கி 29-க்கு வர 59 கொட்டையை எடுத்துவிட்டால் 841. இதெல்லாம் பேப்பர் இல்லாமலே வரும்.

வாய்ப்பாட்டு அட்டையும் ஒரு நல்ல பொருள். நோட்டின் பின்னட்டையில் பத்துக்குப் பத்து கட்டமாக அச்சிட்டிருப்பார்கள். அதன் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் கோணலாக ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். 1, 4, 9, 16 என்று வர்க்கங்கள் மட்டும் அந்தக் கோட்டில் நிற்கும். ஏழேழு 49-இல் விரலை வைத்து, கோட்டுக்குக் குறுக்கே எதிர்க் கோணலில் ஒரு கட்டம் நகர்ந்தால் ஆறெட்டு 48, ஒன்று குறைவு. இன்னும் ஒரு கட்டம் போனால் ஐந்தொன்பது 45, நான்கு குறைவு. அடுத்தது நாற்பது, ஒன்பது குறைவு. குறைவதும் 1, 4, 9 என்று வர்க்கமாகவே குறைகிறது. பாடநூலில் இருக்கும் (a + b)(a − b) = a² − b² என்ற முற்றொருமையைப் பிள்ளைகள் பின்னட்டையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கோட்டை விட்டு விலகினால் பரப்பு குறையும், சதுரத்தில்தான் அதிகம். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வேன், மனை கணக்கு வரும்போது உதவும்.

வர்க்கத்தில் பிள்ளைகள் தடுமாறும் இன்னொரு இடம், பக்கம் இரண்டு மடங்கானால் பரப்பும் இரண்டு மடங்கு என்று நினைப்பது. இது இன்று நேற்றுத் தடுமாற்றம் இல்லை. பிளேட்டோ எழுதிய 'மெனோ' என்ற உரையாடலில், கணிதம் படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் சாக்ரடீஸ் மண்ணில் படம் போட்டுக் கேட்கிறார். இரண்டடிச் சதுரத்தின் பரப்பு நான்கு. எட்டு வேண்டுமானால் பக்கம் எவ்வளவு? சிறுவன் தயங்காமல் நான்கடி என்கிறான். போட்டுப் பார்த்தால் பதினாறு வந்துவிடுகிறது. சரி, மூன்றடி என்கிறான். ஒன்பது. இரண்டு விடையும் தவறு என்று ஆன பிறகு, மூலைவிட்டத்தின்மேல் சதுரம் எழுப்பினால் எட்டு வரும் என்று சாக்ரடீஸ் கேள்வி கேட்டே அவனை அங்கே கொண்டுபோகிறார். ஏறக்குறைய 2400 வருடம் கழித்தும் எங்கள் திண்ணையில் நான்கு, மூன்று என்று அதே இரண்டு விடைகள் அதே வரிசையில் வருகின்றன.

மண்ணில் கீறுவதைவிடக் காகிதம் எளிது. 20 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு காகிதம் வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்கு மடித்தால் ஒரு சின்னச் சதுரம் வரும். மடித்த மூலைகள் உள்ளே ஒன்றையொன்று தொட்டு, இடைவெளியும் இல்லாமல் மேலேறிக்கொள்ளாமல் நிரப்புகின்றன. அதாவது காகிதம் எல்லா இடத்திலும் இரண்டு அடுக்கு. அப்படியென்றால் சின்னச் சதுரம் பெரியதில் சரிபாதி. பரப்பு 400-இல் பாதி, 200. ஸ்கேலை வைத்துப் பக்கத்தை அளக்கச் சொல்வேன். "பதினாலு… கொஞ்சம் கூட இருக்கு அத்தை." அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் வர்க்கமூலப் பாடத்தின் வாசல். பத்து என்று எதிர்பார்த்த பிள்ளைக்குப் பதினான்கும் கொஞ்சமும் வருவது சாதாரண அதிர்ச்சி இல்லை.

வீட்டில் நடக்கும் பேச்சிலிருந்தே இதற்கு உதாரணம் எடுக்கலாம். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. பெரும்பாலும் 40-க்கு 60. அரைக் கிரவுண்ட் என்றால் இரண்டு பக்கத்தையும் பாதியாக்கி 20-க்கு 30 என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது 600 சதுர அடி, கால் கிரவுண்ட்தான். 32 இஞ்ச் டிவியைக் கொடுத்துவிட்டு 65 இஞ்ச் வாங்கினால் படம் இரண்டு மடங்கு பெரிதாகும் என்று நினைப்பதும் இதே கதை. இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. திரையின் பரப்பு நான்கு மடங்குக்கும் சற்று மேல். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பையன் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஹாலை அளந்தான்.

சரி, இனி மூலத்துக்கு வருவோம்.

20 புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, சதுரமாக அடுக்கு என்று சொல்வேன். நான்குக்கு நான்கு அடுக்கியதும் நான்கு கொட்டை மிஞ்சும். அடுத்த சதுரத்துக்கு ஒன்பது தேவை. ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருக்கிறது. ஆகவே பக்கம் நான்கும், ஒன்பதில் நான்கு பங்கும் என்று ஒரு மதிப்பு சொல்லலாம். 4 4/9, தசமத்தில் 4.444. உண்மையான √20 சுமார் 4.472. கொட்டையை அடுக்கியே இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம்!

இன்னும் நெருங்க வேண்டுமா? இப்போது கொட்டையை விட்டுவிட்டு கட்டம் போட்ட நோட்டை எடுக்கலாம். 20 கட்டம் வரும்படி ஒரு செவ்வகம், 4-க்கு 5. சதுரமாக்க வேண்டும், பரப்பு மாறக் கூடாது. நீளமான பக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, குட்டையான பக்கத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். நடுவில் 4.5 எடுப்போம். ஒரு பக்கம் 4.5 என்றால் மறுபக்கம் 20 ÷ 4.5, அதாவது 4.444. முன்பு கொட்டையில் வந்த அதே எண்! (20 என்பது அடுத்தடுத்த எண்களான நான்கையும் ஐந்தையும் பெருக்கி வந்தது என்பதால் இப்படிப் பொருந்துகிறது. 12-க்கும் 30-க்கும் செய்து பாருங்கள், அங்கேயும் பொருந்தும்.) செவ்வகம் இப்போது கிட்டத்தட்ட சதுரம். மறுபடி இரண்டுக்கும் நடுவில் எடுத்தால் 4.4722. அதன் வர்க்கம் 20.0006. இரண்டே தடவை சராசரி எடுத்ததில் இவ்வளவு துல்லியம்.

இந்த முறையை எட்டாவது பிள்ளை மட்டுமில்லை, ஐந்தாவது பிள்ளையும் செய்கிறது. கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். ஏன் வேலை செய்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது: உண்மையான பக்கம் எப்போதும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். இருந்தும் இதைப் பள்ளியில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆதங்கம். 50-இன் வர்க்கமூலம் என்ன என்றால் 25 என்று எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏழேழு 49, அதனால் ஏழுக்குப் பக்கத்தில் என்று முதலில் உத்தேசமாகச் சொல்லிப் பழகிய பிள்ளை ஒருநாளும் 25 என்று எழுதாது.

உத்தேசத்துக்குப் பிறகு, நீள் வகுத்தல். இதைத்தான் எல்லோரும் வெறுக்கிறார்கள். வலமிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரி, முதல் ஜோடிக்குள் அடங்கும் பெரிய வர்க்கத்தை எடு, ஈவை இரட்டிப்பாக்கு, பக்கத்தில் ஓர் இலக்கம் சேர்… சடங்குபோலச் செய்வார்கள். ஏன் இரட்டிப்பாக்க வேண்டும் என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. 1156-ஐ எடுத்துக்கொண்டோம். 1156 சதுர அடியில் ஒரு சதுர மனை என்று வைத்துக்கொள். பக்கம் முப்பதா? முப்பது முப்பது 900, இடம் இருக்கிறது. நாற்பதா? 1600, போதாது. ஆக முப்பத்துச் சொச்சம். முப்பதடிச் சதுரத்தை மூலையில் வரைந்தோம். மிச்சம் 256 சதுர அடி. அது எங்கே இருக்கிறது? வலப்பக்கம் முப்பதடி நீளத்துக்கு ஒரு பட்டை, கீழே அடியில் முப்பதடிக்கு ஒரு பட்டை, மூலையில் ஒரு குட்டிச் சதுரம். புளியங்கொட்டையில் பார்த்த அதே வலப்பக்கம், அடி, மூலைதான். பட்டை இரண்டு இருப்பதால்தான் இரட்டிப்பு. 30 + 30 = 60. அந்த 60-ஓடு மூலைச் சதுரத்தின் பக்கத்தையும் சேர்த்து, பட்டையின் அகலத்தால் பெருக்கினால் 256 வர வேண்டும். அகலம் நான்கு என்றால் 64 × 4 = 256. சரியாக வந்துவிட்டது. பக்கம் 34.

நோட்டில் 6-க்குப் பக்கத்தில் 4 எழுதி 64 ஆக்குகிறோமே, அது இந்தப் படம்தான். இரண்டிரண்டு இலக்கமாகப் பிரிப்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது: பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்கு, ஆகவே பக்கத்தின் ஓர் இலக்கத்துக்குப் பரப்பில் இரண்டு இலக்கம் ஒதுக்க வேண்டும். கேட்ட பையன் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தானாக 2209-ஐ எடுத்து, படம் மட்டும் போட்டு, வகுத்தல் கட்டமே போடாமல் 47 என்று முடித்தான். இலக்கம் இலக்கமாக மூலம் காணும் வழியை ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் ஒரே செய்யுளில் சொல்லியிருக்கிறார். மனப்பாடம் செய்ய வசதியான செய்யுள். ஆனால் படம் இல்லாமல் அதைக் கேட்ட மாணவர்களும் நம் பிள்ளைகளைப்போலத்தான் விழித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஐந்தில் முடியும் எண்களின் வர்க்கத்துக்கு ஒரு குறுக்குவழி எல்லோருக்கும் தெரியும். 35² வேண்டுமா, மூன்றையும் அதற்கடுத்த நான்கையும் பெருக்கி 12, பக்கத்தில் 25 போட்டு 1225. யூடியூபில் இதை மந்திரம்போலக் காட்டுகிறார்கள். கத்தரிக்கோல் கையில் இருந்தால் மந்திரம் தேவையில்லை. 35-க்கு 35 சதுரத்தில் வலப்பக்கம் ஐந்து அகலப் பட்டையை வெட்டி எடுத்து, மீதியின் தலைமேல் படுக்கவையுங்கள். இப்போது அகலம் 30, உயரம் 40. பட்டையின் நீளம் 35 என்பதால் ஒரு ஓரத்தில் ஐந்துக்கு ஐந்து துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். 30 × 40 = 1200, துண்டு 25. முடிந்தது.

பின்னங்களில்தான் உண்மையான சங்கடம். 0.3-இன் வர்க்கம் 0.9 என்று எழுதாத பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. வர்க்கம் என்றால் எண் பெரிதாகும் என்று மனதில் ஊறிப்போயிருக்கிறது. அரையடிக்கு அரையடி டைல்ஸை ஓரடிச் சதுரத்தில் வைத்துக் காட்டினால், நான்கு டைல்ஸ் பிடிக்கும் என்று தெரியும். அரையின் வர்க்கம் கால். அப்படியென்றால் காலின் வர்க்கமூலம் அரை, மூலம் எண்ணைவிடப் பெரிது! இதைக் கேட்டதும் சண்டைக்கே வருவார்கள். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இது அன்றாடப் பாடமாக இருந்தது. அவர்களின் வாய்ப்பாட்டு நூலான எண்சுவடியில் குழிமாற்று என்று ஒரு பகுதி உண்டு. பெருங்குழி முழு எண்களின் வர்க்க வாய்ப்பாடு, சிறுகுழி பின்னங்களின் வர்க்க வாய்ப்பாடு. நிலம் அளக்கும் ஊரில் அரைக்கும் காலுக்கும் வர்க்கம் தெரியாமல் கணக்கு எழுத முடியாது. இன்றைய பாடத்தில் பின்னத்தின் வர்க்கம் கடைசிப் பயிற்சியில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. நிலத்தோடும் டைல்ஸோடும் சேர்த்து அதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பழந்தமிழ்க் கணக்கு என்றதும் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு செய்யுள் ஞாபகம் வருகிறது. போதையனார் என்ற பெயரில் சுற்றும். செங்கோண முக்கோணத்தின் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம் காண வர்க்கமும் வேண்டாம், மூலமும் வேண்டாம். ஓடும் நீளத்தை எட்டாகக் கூறுபோட்டு ஒரு கூறைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் போதும் என்பது அதன் பொருள். பிதாகரஸையே மிஞ்சிவிட்டது என்று கீழே எழுதியிருப்பார்கள். பெருமைப்படுவதற்கு முன் சோதித்துப் பார்ப்போம் என்று பிள்ளைகளிடம் கொடுத்தேன். நீளம் 4, உயரம் 3: மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. சரி. 8, 6: விடை 10. சரி. 12, 5: பத்தரையும் இரண்டரையும் 13. சரி! திண்ணை முழுக்க ஒரே ஆரவாரம். அப்புறம் 24, 7 போட்டார்கள். 21-ம் மூன்றரையும் 24.5. வர வேண்டியது 25. இரண்டு பக்கமும் பத்து என்றால் 13.75 வருகிறது, உண்மையில் 14.14. கடைசியாக ஒரு பையன், "உயரமே இல்லைன்னா?" என்றான். நீளம் பத்து, உயரம் பூஜ்யம். கர்ணம் பத்தாகத்தானே இருக்க வேண்டும், வந்ததோ 8.75.

தச்சருக்கும் கொத்தனாருக்கும் மனக்கணக்காகப் பயன்படக்கூடிய நல்ல உத்தேச விதி அது. அதற்குரிய மரியாதையைக் கொடுக்கலாம். மூலத்துக்கு மாற்று என்று சொல்வது மட்டும் சரியில்லை. எந்த விதியையும் சின்ன எண், பெரிய எண், இரண்டும் ஒரே எண், பூஜ்யம் என்று நான்கு திசையிலும் இழுத்துப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வந்தது. அந்தச் செய்யுள் இல்லாவிட்டால் அது வந்திருக்காது.

கிரவுண்ட் கணக்கைப் பாக்கி வைத்திருந்தேன். 2400 சதுர அடியைச் சதுரமாக அமைத்தால் பக்கம் எவ்வளவு? வாய்ப்பாட்டு அட்டையில் பார்த்ததை வைத்துச் சொல்லலாம். 2400 என்பது 48 × 50. நடு எண் 49-இன் வர்க்கம் அதைவிட ஒன்று அதிகம், 2401. ஆக பக்கம் 49 அடிக்கு ஒரு மயிரிழை குறைவு. 49-ஐவிட எவ்வளவு குறைவு என்றால், இரண்டு பட்டைகளிலும் சேர்த்து ஒரே ஒரு சதுர அடியைத்தான் சீவ வேண்டும். மொத்த நீளம் 98 அடி, ஆகவே ஓரடியில் 98-இல் ஒரு பங்கு. கால்குலேட்டரில் போட்டால் 48.9898. கால்குலேட்டரைத் தொடாதே என்று நான் சொல்வதில்லை. முதலில் உன் விடையைச் சொல், அப்புறம் ஃபோனை எடு என்பது மட்டும்தான் நிபந்தனை. இருபது வரைக்கும் வர்க்கங்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்பதிலும் நான் கறார். உத்தேசம் சொல்ல அந்த இருபது எண்களும் கைவசம் வேண்டும்.

மடித்த காகிதத்தின் "பதினாலு, கொஞ்சம் கூட" என்ற கேள்வியைச் சில பிள்ளைகள் விடமாட்டார்கள். 14.1-இன் வர்க்கம் 198.81. 14.2-இன் வர்க்கம் 201.64. 14.14 போட்டால் 199.9396. இன்னும் ஓர் இலக்கம், இன்னும் ஓர் இலக்கம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கே முடியும் என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்வதற்கு முன், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் களிமண் பலகையின் படத்தைக் காட்டுவேன். உள்ளங்கை அளவு, பாபிலோனியர்களுடையது, 3600 வருடத்துக்கும் மேல் பழையது. ஒரு சதுரமும் அதன் இரண்டு மூலைவிட்டங்களும் கீறியிருக்கும். பக்கம் 30. மூலைவிட்டத்தின்மேல் அறுபதின் அடிமானத்தில், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் அறுபது அறுபதாக எண்ணும் முறையில், எண்கள். நம் தசமத்துக்கு மாற்றினால் இரண்டின் வர்க்கமூலம் 1.414212… என்று வருகிறது, ஐந்து தசம இடம் வரை சரி. ஒரு மாணவன் பயிற்சிக்காக எழுதியதாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் படத்தைப் பார்க்கும்போது எங்கள் பிள்ளைகள் முதலில் கேட்பது கணக்கைப் பற்றி இல்லை. "அவனுக்கு எத்தனை வயசு அத்தை?" என்பார்கள்.

மூலம் நன்றாகக் கைவந்த பிள்ளைகளுக்கு, கும்பகோணத்தில் படித்து வளர்ந்த ராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழக இதழுக்கு அனுப்பிய கேள்வியைக் கொடுப்பேன். மூலத்துக்குள் மூலம், அதற்குள் மூலம் என்று முடிவில்லாமல் போகும்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))). இதன் மதிப்பு என்ன? பார்த்தாலே தலை சுற்றும். விடையிலிருந்து பின்னோக்கி நடந்தால் எட்டாவது பிள்ளைக்கும் எட்டும். 3 என்பது √9. ஒன்பதை 1 + 8 என்று எழுது. எட்டை 2 × 4 என்று எழுது. நான்கு என்பது √16. பதினாறு 1 + 15, பதினைந்து 3 × 5, ஐந்து என்பது √25. இருபத்தைந்து 1 + 24, அது 4 × 6, ஆறு என்பது √36. ஒவ்வொரு படியிலும் வாய்ப்பாட்டு அட்டையின் அதே விஷயம்தான், வர்க்கத்துக்குப் பக்கத்துக் கட்டம் ஒன்று குறைவு. இந்த விரிவு முடிவில்லாமல் போகும்போதும் மதிப்பு மூன்றாகவே நிற்கிறது என்று நிறுவுவதற்குக் கல்லூரிக் கணக்கு வேண்டும். அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

கலர்ப்பொடியோடு வந்த அதே பெண் நோட்டில் பக்கவாட்டில் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் மூலக்குறியை இழுத்துக்கொண்டே போனாள். அப்புறம் நான்கையும் இப்படி விரிக்க முடியுமா என்று தானே ஆரம்பித்தாள். √(1 + 3√(1 + 4√(1 + 5√(…)))). சற்று நேரத்தில் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "அத்தை, இது மூணுக்குள்ளயே இருக்கு. முதல் மூலத்தை எடுத்துட்டா அடுத்தது நாலு. அதையும் எடுத்துட்டா அஞ்சு." ஆறு எங்கே தொடங்கும், ஏழு எங்கே தொடங்கும் என்று மற்ற பிள்ளைகள் பென்சிலோடு அவள் நோட்டின்மேல் கவிழ்ந்துவிட்டார்கள்.